அடித் தண்ணீர்

சனிக்கிழமை மாலை மணி நாலேகால். திண்டிவனம் மேம்பாலத்தடியில் மணிமாறன் சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கினான். தோளில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு. அந்தமான் வெயிலில் முகம் கறுத்து, கண்ணாடி மாட்டும் இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அருணா ஸ்கூட்டியை அணைக்கவில்லை.

“நீ ஏங்கா வந்தே? மாமா இல்லையா?”

“உங்க மாமா ஐஸ் பெட்டிக்காரனோட மல்லுக்கு நின்னுக்கினு இருக்காரு. ஏறுடா, ஜல்தி. பொழுதோட எடுக்கணும்.”

பொய். அவள் கணவன் ராஜ்குமார் சும்மாதான் இருந்தான். அப்பாவின் தலைமாட்டில் உட்கார வேண்டிய மகள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும். வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் தம்பியை அவள் பார்த்தாக வேண்டும்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அப்பா சீனுவாசன் படுத்திருந்த அந்த ஒரு வாரமும் வார்டு கலகலவென்று இருந்தது. மகனுக்குக் கடலுக்கு அடியில் வேலை. ஆட்களைப் படகில் கூட்டிப்போய், முதுகில் சிலிண்டர் மாட்டி இறக்கி, பவளப்பாறைகளைச் சுற்றிக் காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவந்து விடுவான். கரைக்கு வந்ததும் அப்பாவை வீடியோவில் கூப்பிடுவான். பேசி முடித்த கையோடு அப்பா பக்கத்துக் கட்டில்களுக்குச் செய்தி வாசிப்பார்.

“இன்னிக்கி பெங்களூரு புருசன் பொண்டாட்டி. போட்ல ஏறும்போதே சண்டை. தண்ணிக்கு அடில வாயைத் தொறக்க முடியாது இல்ல? முக்கா மணி நேரம் கை கோத்துக்கினு சுத்துனாங்களாம்.”

செவ்வாய்க்கிழமை ஆமை வந்தது. புதன்கிழமை ஒரு சேட்டு பயந்துபோய் மணிமாறனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. வியாழக்கிழமை கடல் சரியில்லை, படகு போகவில்லை. வார்டு காத்திருந்தது. அப்பா சொந்தமாக ஒரு சுறாவை விட்டுச் சமாளித்தார்.

“பவளம்னா மோதிரத்துல வெக்கிறதுன்னு நெனைக்காதீங்க. உசுரோட வளருது. கை பட்டா செத்துடும். எம் பையன் ஒருத்தனையும் தொட உட மாட்டான்.”

சைகைகளும் அவருக்கு அத்துப்படி. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போட்டால், நல்லா இருக்கேன். எதிரில் இருப்பவரும் பதிலுக்கு வட்டம் போட வேண்டும். போடவில்லை என்றால் அங்கே ஏதோ ஆபத்து. நல்லா இருக்கேன் என்பதற்குக் கட்டைவிரலை மட்டும் தூக்கிவிடக் கூடாது. தண்ணீருக்கு அடியில் அதற்கு வேறு அர்த்தம்: நான் மேலே போகிறேன்.

போனை வைக்கும்போது தினமும் ஒரே குத்தல்.

“ஊரான் கடலுக்கெல்லாம் அடி பாத்துட்டே. நம்ம கெணத்து அடில இன்னா இருக்குதுன்னு ஒரு நாளாவது பாத்தியாடா?”

“வந்ததும் பாத்து சொல்றேம்பா.”

வெள்ளிக்கிழமை மதியம் மணிமாறன் கூப்பிட்டபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பேசவில்லை. கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார். அவன் சிரித்தான். பதிலுக்கு வட்டம் போட்டுவிட்டு மறுபடியும் கடலில் இறங்கினான். திரும்பிக் கரைக்கு வந்தபோது அப்பா இல்லை.

மயிலம் மலை தெரிந்ததும் பின்னாலிருந்து கேட்டான்.

“அக்கா, அப்பா கட்டைவிரலைக் காட்னாரே. மறந்துட்டாருதானே?”

அவள் இதற்குத்தான் வந்திருந்தாள். அப்பா சொல்லிக்கொண்டு போனார், தான் சிரித்துவிட்டுப் போனோம் என்று தெரிந்தால், அந்தச் சிரிப்பை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்?

“சுத்தமா மறந்துட்டாருடா. அன்னிக்கி எல்லாருக்கும் அதையேதான் காட்டிக்கினு இருந்தாரு. டீக்காரருக்குக்கூட.”

அவன் பெருமூச்சு அவள் கழுத்தில் பட்டது.

வீட்டில், அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு அவன் பந்தலில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் சித்தப்பா வல்லரசு. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர். அருணா காலையிலேயே அவர் வாயைக் கட்டிவைத்திருந்தாள். ஆனால் அவரிடம் இருந்தது நல்ல கதை. கட்டு நிற்கவில்லை.

“வாடா கப்பக்காரா. உங்கப்பன் போற அன்னிக்கி காலைல பண்ண அழும்பு தெரியுமா? செண்பகம்னு ஒரு நர்ஸம்மா. ‘தாத்தா, சூப்பரா இருக்கீங்களா’ன்னு கட்டைவிரலைத் தூக்குச்சி. அவ்ளோதான், புடிச்சிக்கினாரு. ‘கையை எறக்கும்மா. அது மேல போறவன் காட்டறது. எனக்கு நேரம் வந்தா நானே காட்றேன்’னு...”

பந்தல் சிரித்தது. வல்லரசு அருணாவின் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

மணிமாறன் எல்லோரோடும் சேர்ந்து சிரித்து முடித்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் குளிப்பாட்ட, மகன் கிணற்றில் முழுகி ஈர வேட்டியோடு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். மேளம் முன்னே போனது. அம்மா கெங்கம்மாளை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் கிணறு மேல்படி வரை நிறைந்திருந்தது. ஒரு முழுக்குப் போட்டால் போதும். மணிமாறன் குடத்தோடு இறங்கினான். குடம் நிறைந்ததும் அதன் கனத்தோடேயே உள்ளே போய்விட்டான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. மேளக்காரர் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தினார்.

“அடில சேறுப்பா. கால் மாட்டியிருக்கும்” என்றார் ஒருவர்.

“என் வாயாலயே கெடுத்தேனே” என்று வல்லரசு தலையில் அடித்துக்கொண்டார்.

ராஜ்குமார் சட்டையைக் கழற்றினான். அருணா அவன் கையைப் பிடித்தாள்.

“இருங்க. அவனுக்கு இதான் வேலை.”

பிடித்த கையை அவள் விடவில்லை. குமிழிகள் வந்தன. அவையும் நின்றன.

கடைசியில் குடம் வந்தது, பின்னால் தலை வந்தது. கண் சிவந்திருந்தது. தண்ணீரிலிருந்து வருகிறவனின் கண் சிவப்பை யார் கணக்கில் எடுக்கப்போகிறார்கள்? அவன் கூட்டத்தில் அக்காவைத் தேடினான். ஒரு கையால் குடத்தை அணைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கி வட்டம் போட்டான். அப்படியே காத்திருந்தான்.

அருணாவும் கையைத் தூக்கி வட்டம் போட்டாள். அதற்குப் பிறகுதான் படியேறினான்.

அம்மா முந்தானையால் அவன் தலையைத் துவட்டப் போனாள். ஈரத்தோடுதான் போக வேண்டும் என்று தடுத்தார்கள். அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அடில இன்னாடா இருக்குது?” என்றாள். “அவரு கேப்பாரு.”