காசியன் புதைந்த சரிவு

பனியில் ஒரு தூணை வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டால் பத்துத் தட்டு, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து. டிரோல் மலையில் எங்களுக்கு இதுதான் ஜோசியம். முப்பதையும் தாங்கினால் அந்தச் சரிவில் ஓரளவு நம்பிச் சறுக்கி இறங்கலாம். அன்று காலை பன்னிரண்டாவது தட்டிலேயே தூணின் மேல்பாதி வழுக்கி என் காலடியில் விழுந்தது.

"இன்னிக்கு இங்க யாரும் இறங்க வேணாம்," என்றேன்.

என் தம்பி காசியன் சிரித்தான். "அக்கா, நீ தட்டினா மாதா கோயில் கோபுரமே விழும். உன் கை அப்படி."

"மச்சான், வானத்தைப் பாரு," என்றான் என் கணவன் ரோமான். வடமேற்கு கறுத்துவிட்டிருந்தது. இரவெல்லாம் காற்று முகட்டிலிருந்த பனியைச் சுரண்டி இந்தச் சரிவில் குவித்திருந்தது.

"அதனாலதான் சொல்றேன் மச்சான். மத்தியானம் புயல் வந்தா மூணு நாள் எல்லாம் மூடிடும். இதுல இன்னும் ஒருத்தனும் கோடு போடலை."

எங்கள் ஊரில் ஒரு சரிவில் முதலில் சறுக்கிக் கோடு போடுகிறவன் பேரைச் சாராயக்கடையில் குளிர்காலம் முழுக்கச் சொல்லுவார்கள். அந்தப் பெருமைக்காக உயிரை விடுகிற முட்டாள்கள் நாங்கள்.

"தூண் விழுந்ததைப் பார்த்தே இல்ல? மண்டையில என்ன வெச்சிருக்கே?"

"பயமா இருக்குன்னு சொல்லேன்க்கா. ஏன் தூணைச் சாக்கு சொல்றே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவன் தோளில் ஓங்கிக் குத்தினேன். "போ. போய்ச் செத்துத் தொலை."

போய்விட்டான்.

அவனுடைய மூன்றாவது திருப்பத்தில் பனிக்குள் ஒரு 'தும்' கேட்டது. சரிவு முழுக்க ஒரு விரிசல் ஓடியது. கதவு கதவாகப் பெயர்ந்த பனி ஒன்றின் மேல் ஒன்று ஏறி அவன் காலை வாரியது. தலைகீழாகத் தூக்கியடித்தது. ஊசியிலை மரங்கள் படபடவென்று முறிந்தன. ஒரு தடவை அவன் கை மேலே வந்தது. அதையும் அடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போய், அடிவாரத்தில் மோதி நின்றது.

நாங்கள் எல்லோரும் மார்பில் பீப்பர் கட்டியிருப்போம். புதைந்தவனுடையது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும், மேலே நிற்பவர்கள் தங்களுடையதைத் தேடும் பக்கம் மாற்றி அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் பிழைப்பார்கள்.

"நீ பீப்பரைப் பாரு!" என்று ரோமானிடம் கத்திவிட்டு நான் கீழே பாய்ந்தேன். பனிமேல் காசியனுடைய சிவப்புக் கையுறை கிடந்தது. அங்கேயே தோண்ட ஆரம்பித்தேன்.

"இருபது... ஒன்பது... பர்கி, அங்கதான்! ரெண்டு மீட்டர்!" ரோமானும் வந்து என் பக்கத்தில் விழுந்து தோண்டினான்.

சரிந்த பனி சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. ஒரு ஆள் உயரம் தோண்டினோம். பழைய பனி வந்தது, அதன் கீழே புல் வந்தது. காசியன் வரவில்லை. மணியைப் பார்த்தேன். பதின்மூன்று நிமிடம் போய்விட்டது.

குழியை விட்டு ஏறி நாலு எட்டு நடந்தேன். ரோமான் பீப்பரோடு என் பின்னாலேயே வந்தான். "இப்ப இங்க காட்டுது. ரெண்டு மீட்டர்."

"பார்க்கத் தெரியாத நாயே! என் தம்பியைக் கொல்றியா?"

மண்வாரிக் காம்பால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கெலும்பு முறிவது காம்பு வழியாக என் கைக்குத் தெரிந்தது. இன்னொரு அடிக்கு ஓங்கினேன். அவன் தடுக்கவில்லை. ரத்தம் வாயில் இறங்க, என் மார்பைக் காட்டினான்.

"உன்னோடது பர்கி. நீ மாத்தலை."

குனிந்தேன். என் பீப்பரில் சமிக்ஞை அனுப்பும் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மீட்புக் குழுவில் பதினாறு வருஷம் இருக்கிறேன். என் உயிருள்ள உடம்பைத்தான் அவன் இவ்வளவு நேரமும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

நான் மாற்றிய மறுகணம் ரோமானின் பீப்பர் முப்பத்தொரு மீட்டர் என்றது. ஓடினோம். பனியில் குத்திப் பார்த்த கம்பி ஒன்றரை மீட்டரில் மெத்தென்று முட்டியது. தோண்டி முகத்தை வெளியே எடுத்தபோது முப்பத்தெட்டு நிமிடம். புயல் வந்துவிட்டது. ஹெலிகாப்டர் வர முடியாது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். ஒரு மணி நேரம் மாறி மாறி ஊதினோம், மார்பை அழுத்தினோம். காசியன் மூச்சு விடவில்லை.

ரோமான் என் கையைப் பிடித்து நிறுத்தினான். மூக்கு வீங்கிப் பேச்சு குழறியது. "அந்த மோதல்லயே போயிருப்பான். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நீ உன்னையே போட்டு வதைக்காதே."

நல்ல மனிதன். நான் உடைத்த மூக்கோடு எனக்கு ஆறுதல் சொன்னான். ஆனால் தம்பியின் முகத்தைத் தோண்டி எடுத்தபோது வாயையும் மூக்கையும் மூடியிருந்த பனி ஓடு ஒன்றை விரலால் உடைத்துப் பெயர்த்தவள் நான். உள்பக்கம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. புதைந்தவன் விடுகிற சூடான மூச்சு பனியை உருக்கி, அது மறுபடி உறைந்தால்தான் அப்படி ஓடு கட்டும்.

"இல்ல ரோமான்," என்றேன். "ரொம்ப நேரம் மூச்சு விட்டிருக்கான்."