ஊமை வீட்டுக் காரின் குரல்

பதுளையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் விழுந்ததுதான். கழுவினாலும் போகாது. ஊரை விட்டுப் போனாலும் பின்னாலேயே பஸ் ஏறி வரும். மஹ்ரூபின் வாப்பா தன் கலியாணத்தன்று, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெட்கத்தில் நா ஒட்டிக்கொள்ள, முழுச் சபையையும் கால் மணித்தியாலம் காக்க வைத்துவிட்டார். அன்று விழுந்தது ‘ஊமை மாப்பிள்ளை’. அந்த மனிதர் கிழவராகி மௌத்தும் ஆகிவிட்டார், பெயர் மௌத்தாகவில்லை. வீடு ‘ஊமை வீடு’ ஆனது. ஸ்பிரிங்வெளி ரோட்டில் மகன் போட்ட கராஜ் ‘ஊமைட கராஜ்’ ஆனது. இத்தனைக்கும் மஹ்ரூப் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர்.

நாற்பது வயது வரை அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் மகள் றஷீனா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். பத்து வயது. பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுக்க எழுந்தாளாம். ‘ஊமைட பேத்தி பேசப் போறா’ என்று பின் வரிசை வாங்கிலிருந்து யாரோ சொல்ல வகுப்பே சிரித்ததாம். பேர் கொடுக்காமலே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெயர் தன்னோடு ஒழிய வேண்டும், மகளின் தலையில் ஏறக் கூடாது என்று மஹ்ரூப் அன்றே முடிவெடுத்தார்.

ஒரு பெயரை அழிக்க வேண்டுமானால் அதைவிடப் பெரிய பெயர் ஒன்று வர வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு கார் இருந்தது.

எழுபத்தாறாம் ஆண்டு அது. வெளிநாட்டுக் கார் இறக்குமதி நின்று பல வருஷம். மஹ்ரூப் ஒரு பழைய கலண்டர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு எம்.ஜி. காரைக் கட்டியிருந்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் ஓட்டிய இரண்டு சீட்டுத் திறந்த கார். பள்ளத்தில் விழுந்து நசுங்கிய மொறிஸ் மைனர் ஒன்றின் எஞ்சினும் அடிச்சட்டமும், பலா மரத்தில் கூடு, தார் பீப்பாயை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகரத்தில் உடம்பு. சீட்டுகளை மனைவி நளீரா தைத்துக் கொடுத்தாள். தவளைக் கண் மாதிரி இரண்டு லைட், முதுகில் ஒரு டயர், இரத்தச் சிவப்புப் பெயின்ட். மூன்று வருஷ வேலை. கலண்டரையும் காரையும் பக்கத்தில் வைத்தால் கலண்டர்தான் நகல் என்று தோன்றும்.

எஞ்சினை முடுக்கினால்தான் வந்தது வினை. ‘டிக்கு டிக்கு டிக்கு’ என்று நளீராவின் தையல் மெசின் மாதிரியே பேசியது.

பலீல் பார்க்க வந்தார். கடைத்தெருவில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் பலீலுக்கு வேறொரு உத்தியோகமும் இருந்தது. ஊரில் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார்.

“மூஞ்சி சிங்கத்துட மூஞ்சிதான் மச்சான். சத்தம்தான் ஆட்டுக்குட்டி. பெருநாளைக்கி ரோட்டுல எறக்கப் போறீங்களாமே? எறக்குங்க, எறக்குங்க. அன்டைக்கிப் பாத்துக்குவோம்.”

அந்தப் ‘பாத்துக்குவோம்’ மஹ்ரூபுக்கு நன்றாக விளங்கியது. பெயர் தயாராகிவிட்டது. ‘ஊமைக் கார்’. அது விழுந்தால் றஷீனா மட்டுமல்ல, அவள் பெறப்போகும் பிள்ளைகளும் தப்ப முடியாது. நோன்புப் பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

“பொகைக் குழாயில நீங்க பூட்டின சாமானுட பேரே சைலன்சர்,” என்றாள் நளீரா, ரொட்டி சுட்டுக்கொண்டே. “சத்தத்த அடக்கத்தான் அதச் செஞ்சீக்கி. ஊமை ஊட்டுக் காருக்கு ஊமையாக்குற சாமானையும் பூட்டிட்டு, பேசுதில்லண்டு அழுதா எப்பிடி?”

சரி என்று மஹ்ரூப் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயைப் பூட்டினார். கார் பேசவில்லை, ஏசியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை. தொழுகை முடிந்து வந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு மறுபக்கத்தால் போனார்கள். அதையும் கழற்றினார்.

கராஜ் மூலையில் பெரிய சைலன்சர் ஒன்று கிடந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து லொறிக்குப் புதிதாக ஒன்று போட்டபோது அவரே கழற்றி வைத்தது. வெட்டிச் சுருக்கி, ஒட்டு வைத்துக் காரின் வயிற்றுக்கடியில் பூட்டினார். எஞ்சினை முடுக்கினார். கனமான, அடித்தொண்டைக் குரல் வந்தது. மஹ்ரூபுக்குத் தலை கால் புரியவில்லை. ஊர்க் கண் படாத இடத்தில் ஓட்டிப் பார்க்க ஸ்பிரிங்வெளி மலைக்குக் காரை ஏற்றினார்.

காலை பத்து மணி இருக்கும். தேயிலைக்கு நடுவில் வளைந்து வளைந்து ஏறும் ரோடு. மலைக்கு மலை எதிரொலிக்கிற தன் காரின் குரலை ரசித்துக்கொண்டே நாலாம் நம்பர் மலையின் வளைவில் திரும்பியவர், பிரேக்கை அழுத்தினார். ரோட்டோரம் முப்பது பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். மேலே தேயிலைக்குள்ளிருந்து இன்னும் பலர் ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கூடையும் அரைக் கூடை. அவர்களுக்குப் பின்னால் இராசையா கங்காணி கம்பை ஆட்டிக்கொண்டு கத்தியபடி வந்தார்.

“யாரு ஒங்கள நிறுவைக்கு எறங்கச் சொன்னது? நேரமாகலியே! ஏறுங்க, ஏறுங்க மேல!”

“லொறி வந்திருச்சில்ல கங்காணி? சத்தம் கேட்டுச்சே!” என்றாள் ஒருத்தி.

கொழுந்து லொறியின் சத்தம் கேட்டால் நிறுக்க இறங்குவது அவர்கள் பழக்கம். நேரத்தைச் சொல்ல அந்த மலையில் வேறு மணிக்கூடு கிடையாது. இறங்கிய இடத்தில் லொறி இல்லை, முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது. முன்னால் நின்ற ரெங்கம்மா, ஐம்பது வயதுக்காரி, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“என்னா பாஸ், கொழுந்து லொறி குட்டி போட்டிருச்சா?”

மலையே சிரித்தது. கங்காணிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மஹ்ரூபுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ‘லொறிக்குட்டி’ என்ற சொல் பலீலின் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது. காரிலிருந்து இறங்கி, கும்பிடாத குறையாக, டவுனில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்கும்போதே மகளின் கதையும் வாயில் வந்துவிட்டது. அவருக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியாதே.

ரெங்கம்மா சிரிப்பை நிறுத்தினாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“இந்த மாதிரி செவப்புக் காரு முந்தி ஒரு தொரைகிட்ட இருந்துச்சு பாஸ். நான் அப்பக் கொமரி. எங்களுக்குக் கண்ணு கொழுந்துல இருக்கும், காது ரோட்டுல இருக்கும். யாரு வண்டி வருதுன்னு பாக்காமலே சொல்லிப்புடுவோம். தொரை வர்றது முன்னமே தெரியாட்டிக் கங்காணி பொழப்பு என்னாகுறது?”

இராசையா கங்காணி இருமினார்.

“மேட்டுல ஏறுறப்ப எல்லா வண்டியுந்தான் கத்தும்,” என்று அவள் தொடர்ந்தாள். “எறங்குறப்ப என்னா பேசுதுன்னு கேக்கணும். அந்தக் காரு வளைவுல வந்து கால எடுத்த ஒடனே, பொட பொட பொடன்னு தன்னால சிரிச்சிக்கிட்டு எறங்கும். நீங்க உள்ளுக்குக் குந்திக்கிட்டு இருந்தா எப்புடிக் கேக்கும்? நீங்க முன்னால போறீங்க, சத்தம் பின்னால போகுது. வெளிய நின்னு கேளுங்க பாஸ்.”

மஹ்ரூபுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று வருஷத்தில் அந்த ஸ்டியரிங்கை வேறொரு கை தொட அவர் விட்டதில்லை. தன் காரின் குரலைத் தூரத்திலிருந்து கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த பத்து நாளும் கராஜில் சுத்தியல் ஓயவில்லை. ஓட்டை ஓட்டையாகத் துளைத்த குழாய், அதைச் சுற்றித் தகர உறை, இரண்டுக்கும் நடுவில் தேயிலை ஃபெக்டரியின் லேத் மெசின் சீவித் தள்ளியதில் வாங்கி வந்த இரும்புச் சுருளை அடைத்தார். சுருளை இறுக்கினால் குரல் தாழும், தளர்த்தினால் திறக்கும். நீளம் ஒரு விதம், வால் ஒரு விதம் என்று மூன்று சைலன்சர் செய்தார். பழைய துரை காரில் இருந்தது எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கேட்டு முடிவெடுக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருவதாக ரெங்கம்மாவிடம் சொல்லியனுப்பினார். ஓட்ட ஆள் மட்டும் இல்லை.

“நான் ஓட்டுறன்,” என்றாள் நளீரா.

கராஜுக்குள் வண்டிகளை முன்னே பின்னே எடுத்து நிறுத்துவது பத்து வருஷமாக அவள்தான். மஹ்ரூபே கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்த லைசன் ஏழு வருஷமாக அலுமாரிக்குள் தூங்கியது.

“ஊர் என்ன செல்லும் நளீரா?”

“ஊர் நமக்கு இன்னம் செல்லாதது என்ன ஈக்கி?”

மஹ்ரூப் சாவியைக் கொடுத்தார்.

ஞாயிறு பெரட்டும் வேலையும் இல்லாத நாள். தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் நாலாம் நம்பர் மலைச் சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கம்மா பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டிவிட்டு, “அடடா, நோன்புல்ல!” என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மஹ்ரூப் அவர்களோடு தேயிலைக்குள் நின்றார். கீழே நளீரா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு காரை எடுத்தாள். வளைவு வரை ஏறினாள், திருப்பினாள், இறங்கினாள்.

முதல் சைலன்சரைக் கேட்டுவிட்டு, “டின்னுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு,” என்றார்கள். மஹ்ரூப் ஓடிப்போய்ச் சூட்டோடு சூடாகக் கழற்றி அடுத்ததைப் பூட்டினார். கையில் இரண்டு இடம் பொத்துப்போனது. இரண்டாவதுக்குத் தடிமன் பிடித்திருப்பதாகத் தீர்ப்பு வந்தது. “கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க பாஸ்!” என்று ஒரு குரல், மறுபடியும் சிரிப்பு.

மூன்றாவது கட்டையாய், குண்டாய் இருந்தது. சுருளைத் தளர்வாக அடைத்தது. கார் ஏறியது. வளைவில் மறைந்து, திரும்பி, இறக்கத்தின் தலைப்பில் வந்தது. நளீரா காலை எடுத்தாள்.

பொட பொட பொட பொட.

கார் சிரித்தது. எதிர் மலையும் சேர்ந்து சிரித்தது. ரெங்கம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்து, “ஹூஊஊ!” என்று கூவ, சரிவு முழுக்கப் பெண்கள் கூவினார்கள். தன் கை செய்த ஒன்று தன்னை விட்டுத் தள்ளிப் போய் இவ்வளவு அழகாகப் பேசும் என்று மஹ்ரூப் நினைத்ததேயில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை, அதை வாய்விட்டும் சொன்னார், பக்கத்தில் நின்ற கங்காணியின் தோளைப் பிடித்து உலுக்கியே சொன்னார். நளீரா காரை நிறுத்தவில்லை. யாரையும் கேட்காமல் திருப்பி இன்னும் மூன்று தடவை ஏறி இறங்கினாள்.

பெருநாள் வந்தது. காரை யார் ஓட்டுவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. தொழுகை முடிந்ததும் புதுச் சாரமும் தொப்பியுமாக மஹ்ரூப் நேரே கடைத்தெருவுக்கு நடந்து, பலீலின் கடை வாசலில் நின்றுகொண்டார். தெருவெல்லாம் ஆட்கள். பலீல் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“எங்க மச்சான் கார்? தள்ளிக்கொண்டு வாராங்களா?”

மஹ்ரூப் மேல் ரோட்டுப் பக்கமாகக் காதைத் திருப்பினார். முதலில் குரல்தான் வந்தது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பிறகு சிவப்பு தெரிந்தது. இறக்கத்தில் நளீரா காலை எடுக்க, கார் பொடபொடவென்று சிரித்துக்கொண்டே கடைத்தெருவுக்குள் இறங்கியது. முக்காடு ஒரு அங்குலம் நழுவவில்லை, பார்வை ரோட்டை விட்டு விலகவில்லை. பக்கத்துச் சீட்டில் ஏறி நின்று றஷீனா ஊருக்கே கையாட்டினாள்.

“வாப்பா! வாப்பா! ஏறுங்க!”

மஹ்ரூப் ஒரு அடி முன்னால் வைத்தார். நளீரா நிறுத்தவில்லை. அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அப்படியே போனாள், இன்னொரு சுற்றுச் சுற்ற. பலீலின் கையிலிருந்த கோப்பை நிரம்பி வழிந்து காலில் ஊற்றியது.

பண்டாரவளையிலிருந்து பெருநாளுக்கு வந்திருந்த ஒருவர் வாய் பிளந்து நின்றார், பிறகு பலீலை அண்ணன் முறை வைத்துக் கேட்டார். “ஆருட கார் நானா அது?”

“நளீராட கார்,” என்றார் பலீல், இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு.

“அந்தப் புள்ள வாப்பாண்டு கூப்புட்ட இவரு?”

தெருவே பலீலின் வாயைப் பார்த்தது. பலீல் மஹ்ரூபை மேலும் கீழும் பார்த்தார். ‘ஊ’ என்று உதடு குவிந்ததை மஹ்ரூப் கண்டார். குவிந்த உதடு அப்படியே இருந்தது. அதற்குள் கடைத்தெருவின் மறுமுனையிலிருந்து கார் திரும்புகிற குரல் வந்துவிட்டது.

“இவரா?” என்றார் பலீல். “இவரு நளீராட மாப்பிள்ள.”

தெரு வெடித்துச் சிரித்தது. ஊமை போய், மனைவியின் பேரில் புதுப் பெயர் விழுந்துவிட்டது. இனி பதுளையில் அதை யாராலும் கழுவ முடியாது. வெளியூர்க்காரர் மட்டும் நம்பாமல் மஹ்ரூபின் பக்கம் திரும்பினார்.

“மெய்யா நானா?”

“ஓ!” என்றார் மஹ்ரூப், கடைத்தெருவின் இரண்டு முனைக்கும் கேட்க. “நளீராட மாப்பிள்ள நான்தான்!”