பதினெட்டு நிமிடம் பின்னால்

கோபக்காரன் என்று எனக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். இருக்கட்டும். இருபத்து மூன்று சர்வர்களை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவனுக்குக் கோபம் வராமல் கொட்டாவியா வரும்? ஆனால் அந்த வியாழக்கிழமை வந்த கோபம் வேறு ரகம். அது யார் மேல் என்று கண்டுபிடிக்கவே எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

அன்று மூன்று மணிக்கு என் அண்ணி மேல் விசாரணை. அண்ணி எங்கள் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். முப்பத்தொரு நோயாளிகளுக்கு, ரத்தம் எடுப்பதற்கு முன்பே ரிசல்ட் அனுப்பிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வார்டில் நர்ஸ் ரத்தம் எடுத்துக் குழாயை ஸ்கேன் செய்ததும் வார்டு சர்வர் ஒரு நேரம் போடும். லேபில் ரிசல்ட்டை அனுப்பியதும் லேப் சர்வர் ஒரு நேரம் போடும். பத்து இருபதுக்கு எடுத்த ரத்தத்துக்குப் பத்து பதிமூன்றுக்கே ரிசல்ட் என்றால் என்ன அர்த்தம்? சோதிக்காமலே கைக்கு வந்த எண்ணைத் தட்டி அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். வேலை போவதோடு நிற்காது. சான்றிதழையே ரத்து செய்யச் சொல்லி எழுதிவிடுவார்கள். அப்புறம் எந்த லேபிலும் அவர் ஒரு குழாயைத் தொட முடியாது.

இதில் கணினிக்காரனாகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? லேப் சர்வரின் நேரம் சரியா என்று திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார். லேப் சர்வரைப் பார்த்தேன். எங்கள் சர்வர்களுக்கெல்லாம் மணி சொல்வதற்கென்றே இருக்கிற நேர சர்வரையும் பார்த்தேன். இரண்டும் விநாடி பிசகாமல் ஒத்துப்போயின. 'பதிவுகளில் பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சொந்த அண்ணி என்றுகூடப் பார்க்காமல் நேர்மையாக நடந்துகொண்டேன் என்று உள்ளூரப் பெருமை வேறு. தூ.

அன்றைக்கே அண்ணி ஒரு நோட்டோடு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, இத ஒரு தடவ பாரு. முதல் புகார் வந்ததுலேர்ந்து, ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் சுவர்க் கடிகாரத்தப் பார்த்து மணி எழுதி வச்சிருக்கேன். பக்கத்துலயே கம்ப்யூட்டர் போட்ட மணியும் இருக்கு."

"அண்ணி, சுவர்க் கடிகாரத்த வச்சுக்கிட்டு சர்வரோட சண்டை போடாதீங்க. மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

நான் திரையைப் பார்த்து எதையோ டைப் அடித்தேன். அண்ணி நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் என்னோடு பேச்சே இல்லை. ஒரே வீட்டில் அவர்கள் கீழே, நான் மாடியில். புதன்கிழமை காலையில் அண்ணன் படிக்கட்டில் வழிமறித்தான்.

"உன் சர்வர் என்னடா சாமியா? அது சொன்னா வேதவாக்கா? ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்காடா அவ."

"நான் என்னண்ணே பண்றது? உள்ளதைத்தானே எழுதினேன்."

"நல்லா எழுதின, போ" என்று ஒதுங்கி வழிவிட்டான். அந்த ஒதுங்கல் எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை டீ கொட்டிவிட்டது. மூன்று நாளாக அந்த நோட்டின் மேல்தான் டீ டம்ளரை வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. துடைக்கிற சாக்கில் பிரித்தேன். அண்ணியின் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப்பொடியாக, கோடு தவறாமல் இருந்தது. முதல் நாள் சுவர்க் கடிகாரத்துக்கும் சர்வருக்கும் வித்தியாசம் பன்னிரண்டு நிமிடம். நாலாம் நாள் பதின்மூன்றேகால். எட்டாம் நாள் பதினைந்து. கடைசியாக, நோட்டைக் கொடுத்த திங்கட்கிழமை, கிட்டத்தட்டப் பதினேழு. பொய் எழுதுகிறவர்கள் இப்படி நாளுக்கு இருபத்தைந்து விநாடி வீதம் அளந்து எழுத மாட்டார்கள்.

கைபேசியைப் பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்து. லேப் சர்வரைப் பார்த்தேன். ஒன்பது பதினேழு. நேர சர்வரைப் பார்த்தேன். அதுவும் ஒன்பது பதினேழு. அட நாசமாய்ப் போக! இரண்டு தப்பான கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி. என் கையில் கட்டியிருந்த வாட்சை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். வார்டு சர்வர் மட்டும் சரியான நேரத்தைக் காட்டியது. அது வேறு கம்பெனி பொறுப்பில் இருப்பது, வெளியிலிருந்து நேரம் வாங்கிக்கொள்வது. என் கை அதில் படவில்லை, அதனால் நன்றாக இருந்தது.

சரி, திருத்திவிடுவோம் என்று லேப் சர்வரில் சரியான மணியை வைத்தேன். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில். பதினெட்டு நிமிடம் பின்னால். மறுபடி வைத்தேன். மறுபடி போனது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். லேப் சர்வர் என்று தனியாக ஒரு பெட்டி கிடையாது. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் ஏழெட்டு மெய்நிகர் கணினிகள் குடியிருக்கும். பெரிய இயந்திரம் வீட்டுக்காரன், உள்ளே இருப்பவை குடித்தனக்காரர்கள். குடித்தனக்காரனுக்குச் சொந்தமாக மணி தெரியாது. வீட்டுக்காரனைக் கேட்கும், இல்லாவிட்டால் நேர சர்வரைக் கேட்கும். லேப் சர்வர் வீட்டுக்காரனைக் கேட்டுக் கெட்டுப்போகிறதோ என்று அந்தப் பேச்சுவார்த்தையைத் துண்டித்தேன். அது நேர சர்வரிடம் போய்க் கேட்டு அதே பழைய மணியை வாங்கிக்கொண்டு வந்தது. நேர சர்வரைத் திருத்தினேன். வீட்டுக்காரன் அதைப் பின்னுக்கு இழுத்தான். வீட்டுக்காரனைத் திருத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவனும் சரிந்து உட்கார்ந்தான். நாய் வாலை நிமிர்த்துகிற வேலை. பத்தரை, பதினொன்று, பதினொன்றரை.

இந்த மென்பொருளை விற்ற கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். இருபது நிமிடம் சங்கீதம் கேட்டேன்.

"சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணியாச்சு."

"இன்னொரு தடவ பண்ணிப் பாருங்களேன் சார்."

"ஏம்மா, சாயம் போன சட்டைய ரெண்டாவது தடவ துவைச்சா சாயம் திரும்பி வந்துடுமா?"

போனை வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பன்னிரண்டேகாலுக்கு வீட்டுக்காரனின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். யாரிடம் மணி கேட்கிறது என்று பார்த்தால், நேர சர்வரிடம். நேர சர்வர் யாரிடம் கேட்கிறது? அதே வீட்டுக்காரனிடம். ஏனென்றால் அந்த நேர சர்வரே இந்த வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது! வீட்டுக்காரன் "மணி என்னப்பா?" என்று குடித்தனக்காரனைக் கேட்க, அவன் வீட்டுக்காரனையே கேட்டுச் சொல்ல, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு தினம் இருபத்தைந்து விநாடி பின்னால் நழுவியிருக்கிறார்கள். வெளியில் ஒருத்தனையும் கேட்கவில்லை. எந்த மடையன் இப்படி வைத்தது?

வெளியில் நேரம் கேட்க வேண்டிய வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு அதை வேலை செய்யாமல் நிறுத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். அப்புறம் மாற்ற வேண்டும்.' கீழே தேதி, ஆறு வாரத்துக்கு முந்தியது. அதற்குக் கீழே என் பெயரின் முதலெழுத்து.

நினைவு வந்தது. நேர சர்வர் முன்பு தனிப் பெட்டியாக இருந்தது. அது பழசாகிவிட்டது என்று நான்தான் ஆறு வாரத்துக்கு முன் இந்த வீட்டுக்குள் குடிவைத்தேன். வெளியே போகும் வழி அன்று அடைபட்டிருந்தது. அதைத் திறக்க ஒரு அனுமதிப் படிவம் எழுத வேண்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று, இப்போதைக்கு வீட்டுக்காரனையே கேள் என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். நான் வைத்தது என் செலவில், விழுந்தது அண்ணி தலையில்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாத. இப்பவே சரி பண்ணிடு. விசாரணையில 'தொழில்நுட்பக் கோளாறா இருக்கலாம்'னு ஒரு வரி சொல்லிக்கலாம்."

"இருக்கலாம்னா எப்படி சார்? சந்தேகம் அவங்க மேலயே நிக்குமே."

"யோவ், உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்குய்யா."

"அதனாலதான் சார் சரி பண்ணாம விட்டு வச்சிருக்கேன். விசாரிக்கறவங்களே கண்ணால பார்க்கட்டும்."

விசாரணை அறையில் நீள மேசை. ஒரு பக்கம் பெரிய டாக்டரம்மா, லேப் பொறுப்பாளர், என் மேனேஜர். எதிர்ப்பக்கம் அண்ணி தனியாக, கையைக் கட்டிக்கொண்டு. நான் உள்ளே போனபோது என்னைப் பார்க்கவில்லை. லேப் சர்வரின் திரையைச் சுவரில் விழும்படி போட்டேன்.

"மேடம், உங்க வாட்ச்ல மணி என்ன?"

"மூணு இருபது."

"சுவத்துல பாருங்க."

மூன்று இரண்டு என்றிருந்தது. அண்ணியின் நோட்டை, டீக்கறையோடு, டாக்டரம்மா முன்னால் வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கடிகாரம் தப்புன்னா லேப்ல ஏழு பேருக்கும்தானே தப்பு? இவங்க ரிசல்ட் மட்டும் ஏன் முன்னாடி போகுது?"

அதே கேள்விதான் திங்கட்கிழமை என்னையும் அண்ணிக்கு எதிராகத் திருப்பியது. சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து ஆறு வாரத்துப் பதிவையும் அலசியிருந்தேன்.

"இந்தப் பரிசோதனைக்குப் பதினோரு நிமிஷம் போதும் மேடம். ரத்தம் எடுத்ததுலேர்ந்து பதினோரு நிமிஷத்துல இவங்க அனுப்பிடறாங்க. அந்த மணியில பதினெட்டு நிமிஷத்தக் கழிச்சா, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே அனுப்பின மாதிரி ஆயிடுது. மத்தவங்க நாப்பது நிமிஷம், அம்பது நிமிஷம் எடுத்துக்கறாங்க. பதினெட்டைக் கழிச்சாலும் சரியாத்தான் தெரியும். சீக்கிரம் வேலை பார்த்தவங்க மட்டும்தான் மாட்டியிருக்காங்க. அது இவங்க ஒருத்தங்கதான்."

லேப் பொறுப்பாளர் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"இப்படி யாரு வச்சது?" என்றார் டாக்டரம்மா.

மேனேஜர் இருமினார்.

"நான்தான் மேடம். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்ததும் தப்பு. சரியாப் பார்க்காம எழுதினேன்."

டாக்டரம்மா அண்ணியின் கோப்பில் குறுக்காக ஒரு கோடு போட்டு, கையெழுத்திட்டு மூடினார். என் பெயரில் ஒரு புதுக் கோப்பு திறக்கச் சொன்னார். நியாயம்தான். என் வேலை என்ன ஆகும் என்று அப்போது தெரியாது. அதைப் பற்றிக் கவலைப்படக்கூடத் தோன்றவில்லை.

நடைவழியில் அண்ணியின் பின்னால் ஓடினேன்.

"அண்ணி, மன்னிச்சிடுங்க. கடிகாரம் தப்புன்னு இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது."

அண்ணி நின்றார். குரல் உயரவில்லை.

"கடிகாரத்தப் பத்தி இன்னிக்குத் தெரிஞ்சுது, சரி. என்னைப் பத்தி? பதினாலு வருஷமா ஒரே வீட்டுல சாப்பிடறோமே தம்பி. ஒரு தடவகூட உனக்கு சந்தேகம் வரலையா, மெஷின் மேல?"

அண்ணி லேபுக்குப் போய்விட்டார்.

அன்றே படிவத்தை எழுதி, நானே கையோடு கொண்டுபோய் அனுமதி வாங்கி, வழியைத் திறந்தேன். வீட்டுக்காரனும் நேர சர்வரும் இப்போது வெளியிலிருந்து நேரம் வாங்குகிறார்கள். ஐந்து மணிக்கு எல்லாக் கடிகாரமும் ஒரே மணி காட்டியது. என் வாட்சோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலையில், எல்லாம் சரியாகிவிட்டது, இனி நோட்டு வேண்டாம் என்று சொல்லலாம் என லேபுக்குப் போனேன். அண்ணி ஒரு குழந்தையின் ரிசல்ட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். திரையில் ரத்தம் எடுத்தது ஒன்பது நாலு, ரிசல்ட் ஒன்பது பதினைந்து. அச்சு அசலாகப் பதினோரு நிமிடம். அண்ணி அந்த எண்களைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு புது நோட்டு ஒன்றை எடுத்து, மணியை எழுதிக்கொண்டார்.