பட்டியலில் இல்லாத பெயர்

கணினி டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சர்வர் மிஸ்'. ஆய்வகத்து மூலையில் நிற்கும் பெரிய கணினியை அவள் வாய் ஓயாமல் "சர்வர், சர்வர்" என்று சொன்னதால் வந்த வினை. "சர்வர், ரெண்டு டீ!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அவளும் சிரித்துவிடுவாள்.

ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட இருபது கணினிகள். ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. மூளையெல்லாம் மூலையில் நின்ற சர்வரில்தான். அதில் ஓடியது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து, இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டு அவளே எல்லாவற்றையும் நிறுவினாள். எந்தக் கணினியில் உட்கார்ந்து பெயரைத் தட்டினாலும், நேற்று விட்ட இடத்தில் அவரவர் திரை வந்து நிற்கும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். ஓரிடத்தில் நிற்கமாட்டாள், அதனால் 'குருவி'. மதியம் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடிவந்து படம் வரைவாள். ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் என்று வரவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு அஞ்சலியாகப் பள்ளிக்கே விடுமுறை விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை அவள் அம்மா வந்தாள். தையல் கூடத்தில் வேலை. தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"டீச்சர், எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ வரையிறேன்னு சொல்லிட்டே இருப்பா. பாக்கலாமா?"

சர்வர் மிஸ் புதுக் கடவுச்சொல் போட்டுத் திறந்துகொடுத்தாள். திரையில் ஒரு வீடு, பாதி மட்டும் வண்ணம் பூசியிருந்தது. அம்மா அதைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அரை நாள் வேலை முடித்து வந்தாள். "இந்த மவுஸ் எம்பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டே பழகினாள். பிறகு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, மகளின் கணக்கிலேயே ஏதோ எழுதிவைக்கத் தொடங்கினாள். சர்வர் மிஸ் அதைப் படித்ததில்லை. ஒருநாள் கடந்து போகையில் முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டது: "சாப்பிட்டியா?"

ஆண்டு முடிவில், சர்வரில் உள்ள எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கும் தனி டிஸ்க் நிரம்பிவிட்டது. பத்தாம் வகுப்பின் செய்முறைத் தேர்வுக்கு இடம் வேண்டும். அலுவலக எழுத்தரிடம் வருகைப் பட்டியல் வாங்கி, அதில் பெயர் இல்லாதவர்களின் நகல்களை அழிக்கவும் இனி எடுக்காமல் விடவும் சொல்லி நாலு வரிக் கட்டளை எழுதினாள். எண்டரைத் தட்டிவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஒன்பதாம் நாள் சர்வரின் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுபோனது. புது டிஸ்க் மாட்டி நகலிலிருந்து மீட்க இரண்டு நாள் ஆயிற்று. பிள்ளைகளின் திரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நிம்மதியாக மூச்சுவிட்டு, குருவியின் பெயரைத் தட்டினாள். அப்படி ஒருவர் இல்லை என்றது திரை. அப்போதுதான் அந்த நாலு வரி நினைவுக்கு வந்தது.

பழுது பார்ப்பவர் பழைய டிஸ்க்கைத் திறந்து காட்டினார். "உள்ளே எல்லாம் பதிஞ்சிருக்கிற தட்டே சுரண்டுபட்டுப் போயிருக்கு மேடம். ஒண்ணும் தேறாது."

"அந்தம்மாகிட்ட டிஸ்க் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. பொய் ஒண்ணும் இல்லையே" என்றார் தலைமையாசிரியர்.

சனிக்கிழமை அம்மா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்ததும், சர்வர் மிஸ் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

"மத்த பிள்ளைங்களோடது?"

"இருக்கு."

"அப்ப எம்பொண்ணோடது மட்டும் எப்படிப் போச்சு?"

"நான்தான் அழிச்சேன். லிஸ்ட்ல அவ பேரு இல்ல. நான் யோசிக்கல."

அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வரவில்லை.

மூன்றாவது வாரம் சர்வர் மிஸ் தையல் கூடத்துக்கே போனாள். டீ இடைவேளை. அம்மா படிக்கட்டில் தனியே உட்கார்ந்திருந்தாள். எழவில்லை, பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

"நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும் டீச்சர். ஆனா உங்க முகத்தைப் பாத்து பரவாயில்லன்னு சொல்ல வரல எனக்கு."

"சொல்ல வேண்டாம்."

"நான் எழுதினது எல்லாம் ஞாபகம் இருக்கு. வார்த்தை மாறாம சொல்லுவேன். அவ வரைஞ்சதுதான் ஒண்ணொண்ணா கலைஞ்சு போகுது. ராத்திரி கண்ணை மூடிப் பாக்குறேன், பாதிதான் வருது."

மணி அடித்தது. அம்மா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரே நேரத்தில் எல்லாத் தையல் இயந்திரங்களும் ஓடத் தொடங்கின.