மூக்கன் மூடி போட்ட சிலிண்டர்

...அணைத்த பிறகும் நாறுகிறதாம், அதெப்படி நாறும், ரெகுலேட்டரைத் திருகி மூடிய பிறகு கேஸ் எந்த வழியாக வரும், கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள், அதுவும் யாரிடம் சொல்கிறாள், சிலிண்டர் நிரப்புகிற ஆலையில் மூக்கை வைத்தே பிழைக்கிற என்னிடம்... வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே மருமகள் படியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கை வயிற்றின் மேல், ஏழாம் மாதம், எழுந்து வழிவிடக்கூட இல்லை, உள்ளே நாறுகிறது, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன், இனி நான் அங்கே போகமாட்டேன் என்று செருப்பைப் பார்த்துச் சொன்னாள். பின்னால் என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள், அவளுக்கு நாலு நாளாக ஜலதோஷம், சாணியும் சந்தனமும் எனக்கு இப்போது ஒன்றுதான், நீங்களே பாருங்கள் என்றாள். பார்த்தேன். பார்த்தேன் என்றால் முகர்ந்தேன். அடுப்பு, ட்யூப், மூலை, ஒன்றுமில்லை. வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு எதுதான் நாறாது, போன மாதம் என் சட்டை நாறியது, அதற்கு முன் புருஷன்காரன் தலை எண்ணெய் நாறியது... ஆனால் இது அந்த நாற்றமில்லை, இதற்குப் பின்னால் வேறு கணக்கு இருக்கிறது, அது கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் இருக்கிறது.

கரண்ட் அடுப்பு. மகனும் அவளும் சேர்ந்து வாங்கி, என்னிடம் சொல்லாமல் தள்ளி வைத்த பெட்டி. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கம் எனக்குத் தலை நரைத்த பிறகுதான் வந்தது, அதனால் எதையும் சட்டென்று நம்ப முடிவதில்லை, ஒவ்வொரு எழுத்தையும் வாசலில் நிறுத்தி விசாரித்துத்தான் உள்ளே விடுவேன், அப்படி விசாரித்தேன், புகை இல்லை, வாசனை இல்லை, பயம் இல்லை என்று பெட்டி மேல் போட்டிருந்தது. வாசனை இல்லாதது ஒரு பெருமையா? கேஸுக்கே பிறவியில் வாசனை கிடையாது, நாற்றத்தை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள், கசிந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று, திருடன் காலில் கட்டிய சலங்கை மாதிரி. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டேவிட்டேன், கரண்ட் என்ன வானத்திலிருந்தா குதிக்கிறது, அங்கேயும் எவனோ ஒருவன் கரியைத்தானே அள்ளிப் போடுகிறான் என்று. அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, "அங்க எரியட்டும் மாமா, எம்புள்ள பக்கத்துல எரிய வேணாம்" என்றாள். அங்கே கரி அள்ளுகிறவனுக்குப் பிள்ளை இல்லையா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன்... இந்த வீட்டுக்கு முதல் சிலிண்டர் வந்த அன்று அவள் இருந்திருந்தால் தெரியும், அதுவரை விறகு, ஊதி ஊதி என் மனைவியின் கண் எந்நேரமும் செவந்தே கிடக்கும், நான் குமிழைத் திருகிக் காட்டினேன், நீலமாகப் பூத்தது, அவள் அணைத்தாள், ஏற்றினாள், மறுபடி அணைத்தாள், சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள், அன்றைக்கு நான் இந்த வீட்டில் ராஜா. எத்தனை வீட்டுப் புகையை நாங்கள் துடைத்திருக்கிறோம், அது கணக்கில் வராதா? துடைத்த புகை எங்கே போச்சுப்பா, மேலே போய் உட்கார்ந்துகொண்டு ஊரையே வேக வைக்கிறது என்கிறான் மகன், அந்தப் பேச்சு அவனுடையதா, அவள் ஊதிவிட்டதா, அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

சமையலறை இருட்டிக்கொண்டு வந்தது, லைட்டைப் போடலாம், போடவில்லை, கை சுவிட்ச் வரை போய்த் திரும்பிவிட்டது, நான் அவளை நம்பவில்லை, என் கை மட்டும் எதற்கு நம்புகிறது... ஆலையில் எனக்கு மூக்கன் என்று பேர், நிரப்பி வருகிற ஒவ்வொரு சிலிண்டர் வாயிலும் குனிந்து முகர்ந்து சரி என்றால்தான் மூடி விழும், வண்டி ஏறும். கசிந்தால் கத்துகிற மிஷின் ஒன்று இருந்தது, கெட்டுப் போய்விட்டது, சரி பண்ணச் சொன்னதற்கு மேஸ்திரி சிரித்தார், மூக்கன் இருக்கும்போது மிஷின் எதுக்குய்யா, அதுக்கு டீ கூட வாங்கித் தரமுடியாது என்று, எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான், பெருமையாகக்கூட இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நாற்றம் மண்டையைப் பிளக்கும், ஓரமாகப் போய் வாந்தி எடுப்பேன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமல் போயிற்று, பழகிவிட்டது என்றார்கள், பழகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்... போன வாரம் பால் அடிப்பிடித்துக் கருகியது, நான் பக்கத்திலேயே பேப்பரில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன், குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே என்று மனைவி மொட்டை மாடியிலிருந்து ஓடிவந்தாள், பேப்பர் சுவாரசியம் என்று சொல்லித் தப்பித்தேன். சுவாரசியம்தானா அது?

சரி, அவள் வாயை அடைக்க ஒரே வழி, பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து நுரையாக்கினேன், கசிவு இருந்தால் முட்டை விடும், இல்லாவிட்டால் அவள் வந்து பார்த்துவிட்டு அந்தப் பெட்டியைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கட்டும். ட்யூப் முழுக்கத் தடவினேன், அசைவில்லை. ரெகுலேட்டரைச் சுற்றித் தடவினேன், அசைவில்லை, பார்த்தாயா என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட வந்தது. மீதி நுரையைச் சும்மா கீழே வழித்துவிட்டேன், வால்வு சிலிண்டர் கழுத்தில் இறங்குகிற இடத்தில், எதைத் திருகினாலும் மூட முடியாத இடத்தில். ஒரு முட்டை வந்தது. கட்டை விரலால் துடைத்தேன், யாரும் பார்க்கவில்லை. மறுபடி வந்தது, மெதுவாக, பட்டாணி அளவு, ஜன்னல் வெளிச்சம் அதில் வளைந்து தெரிந்தது, உடைந்தது, அதே இடத்தில் அடுத்தது. குனிந்து மூக்கை ஒட்டவைத்து இழுத்தேன், நெஞ்சு நிறைய இழுத்தேன், வெறும் காற்று.

சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன், தள்ளும்மா என்றேன், அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள், "நாறுதா மாமா" என்று கேட்டாள், குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள், அதுதான் தாங்கவில்லை. உனக்கு நாறுதுல்ல, அது போதும் என்றேன். பின்பக்கம் திறந்த வெளியில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நிமிர்த்தி வைத்தேன். கழுத்தில் எங்கள் ஆலையின் மூடி நூல் இன்னும் தொங்கியது, நான்தான் சரி சொல்லியிருக்கிறேன், என்னைத் தாண்டாமல் எது வெளியே போகிறது, இன்றைக்கு மத்தியானம் ஏற்றிய வண்டி இந்நேரம் எந்தத் தெருவில் இறக்கிக்கொண்டிருக்கும், மேஸ்திரிக்குப் போன் பண்ணினால் என்ன சொல்வது, மூக்கனுக்கு மூக்கில்லை என்றா, அப்புறம் நாளைக்கு எனக்கு அங்கே என்ன வேலை... மனைவி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கையைக் கழுவாமல் நுரையை முகர்ந்துகொண்டே நின்றேன்.

"இந்த சோப்பு என்ன வாசனை?"

"எலுமிச்சம்பழம். எப்பவும் வாங்கறதுதானே, ஏன் கேக்கறீங்க?"

எப்பவும் வாங்குவதுதானாம்... போன் சட்டைப் பையில் இருக்கிறது, ஈரக்கை.