கூடத்தில் எழும்பிய சுவர்

தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தில் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு செங்கல் சுவர் எழும்பும், இருட்டுவதற்குள் மறைந்துவிடும். சனி, ஞாயிறு கிடையாது. கல் ஒவ்வொன்றாக வந்து உட்காரும், கலவை பிதுங்கும், பிதுங்கியதை ஏதோ ஒன்று வழித்தெடுக்கும். கட்டுகிறவன் அவருடைய மகன்தான். கடல் தாண்டி ஒரு தொழிற்கல்லூரியில் கொத்து வேலை படித்துக்கொண்டிருந்தான். அங்கே பயிற்சிச் சுவருக்குச் சிமெண்ட் போட மாட்டார்கள், சுண்ணாம்பும் மணலும் மட்டும். வகுப்பு முடிந்ததும் பிரித்து, கல்லைச் சுரண்டி, மறுநாளைக்கு அடுக்கி வைக்க வேண்டும். அங்கே பிரித்தால் இங்கேயும் போய்விடும்.

தலைமையாசிரியருக்கு இதில் மானமே போயிற்று. கணக்கு வராத பிள்ளைகளைக் காலமெல்லாம் "நீ செங்கல் சுமக்கத்தான்டா லாயக்கு" என்று திட்டிய வாய் அது. மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்துவிட்டிருந்தார். மதியத்தில் யார் வந்தாலும் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார். அவர் மனைவிக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுச் சுவர் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். "இன்னைக்கு ரெண்டு வரிசைதான் வந்திருக்கு, பிள்ளைக்கு உடம்புக்கு என்னமோ" என்பாள். போன் போட்டால் அவன் தும்மிக்கொண்டிருப்பான். சுவர் இங்கே வருவதை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கட்டும்போது அவன் கை நடுங்கும் என்று பயம்.

பரீட்சை வந்தது. அந்தச் சுவரை மட்டும் பிரிக்கக் கூடாது. மறுநாள் பரிசோதகர் வந்து பார்ப்பார். சுவர் நெஞ்சுயரம் வந்திருந்தபோது, ஜன்னல் வழியாகத் தெருமுனையில் சக ஆசிரியர்கள் தெரிந்தார்கள். அவருடைய ஓய்வு விழா பற்றிப் பேச, இனிப்பும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். மனைவி பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மனுஷன் தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. ஈரக் கலவை, எப்படித் தாங்கும்? கற்கள் தரையைத் தொடுமுன் மறைந்துபோயின. ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்து டீ குடித்து, டாக்டர் தம்பி சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே போன் வந்தது. "யாருமே தொடலம்மா. தானா சாய்ஞ்சிருச்சு. சுவர் நிக்கலேன்னதும் இன்னைக்கே ஃபெயில்னுட்டாங்க, மறுபடி ஆறு மாசம் படிக்கணுமாம்." அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தோளில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. போனை அவரிடம் கொடுத்தாள். "மன்னிச்சிருங்கப்பா" என்றான் மகன். "பரவாயில்லடா" என்றார். வைத்த பிறகு அவள், "சீ, நீங்கல்லாம் ஒரு மனுஷனா" என்றாள். அதன் பிறகு அவருக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுக்கவில்லை.

இரண்டாம் பரீட்சை நாளில் அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். தடுக்கத் தெம்பில்லை, உள்ளே விட்டுவிட்டார். சுவர் பாட்டுக்கு எழும்பியது. வெயிலில் நடந்து களைத்த விளையாட்டு வாத்தியார், "இதென்ன சார், வீடு கட்டுறீங்களா?" என்றபடி சாயப் போனார்.

"கை வைக்காதீங்க!" தலைமையாசிரியர் கத்திய கத்தலில் கணக்கு டீச்சரின் டீ சிந்தியது. "என் பையன் பரீட்சை அது. அங்க கொத்து வேலை படிக்கிறான். டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

ஆசிரியர்கள் டீயைக் குடித்து முடித்து, சுவரைத் தொடாமல் ஒவ்வொருவராக ஒதுங்கி வெளியே போனார்கள். மறுநாள் மகன் பாஸ். பாஸான சுவரை அங்கே பிரிக்கவில்லை, இங்கேயும் அது மறையவில்லை.

மகன் ஊர் திரும்பி, கூடத்தின் நடுவே தன் சுவரைப் பார்த்தான். ரசமட்டம் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "பூசிரலாமாப்பா?" என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றார். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னான்: "முதல் தடவை ஃபெயிலானப்ப நீங்க ஒரு வார்த்தை திட்டலப்பா. வேற அப்பாவா இருந்தா என்ன பேச்சு பேசியிருப்பாங்க! அதனாலதான் தாக்குப்பிடிச்சேன்."

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் சாப்பிடுகிறார். அவள் சோற்றைச் சுவருக்கு மேலாக நீட்டுகிறாள்.