கொதிநீரில் ஆறு நிமிடம்

தேயிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், வெங்காயம், சோப்பு, எதுவானாலும். அதனால் எஸ்டேட் ஃபேக்டரியில் இலையைப் பக்குவம் செய்து ருசி பார்க்கும் டீமேக்கராக நான் இருந்த பதினெட்டு வருடமும், தலையில் மல்லிகைப்பூ வைத்த பெண்களைத் தேயிலை சலிக்கும் அறைக்குள் விட்டதில்லை. வாசலில் ஓர் ஆணி அடித்திருந்தேன். பூவை அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் மனைவி அன்னமேரியும் அங்கே வேலை பார்த்தவள். அவளும் மாட்டினாள்.

அப்படிப்பட்ட என் வீட்டு மேசையில், போன செப்டம்பரில், ஜின்சன் ஒரு தகர டப்பாவை வைத்தான். மல்லிகை மணம் ஏற்றிய சீனத் தேயிலை.

ஜின்சன் ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் மலையாளி வீட்டுப் பையன். சீனாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தான். இங்கே டாக்டராக வேண்டுமென்றால் எழுத வேண்டிய பரீட்சையில் இரண்டு முறை தோற்றிருந்தான். நர்ஸாக இருக்கும் என் மகள் அஞ்சு அவனைத்தான் கட்டுவேன் என்றாள். அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்திருந்தான்.

"அப்பா, அவங்க இருக்குற வரைக்கும் மூஞ்சியைக் கொஞ்சம் லூசா வச்சிருங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்று அஞ்சு காலையிலேயே சொல்லியிருந்தாள்.

நான் முயன்றேன். ஜின்சனின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி சொன்னார்: "எங்க தோட்டத்துல காய் எடுக்க உங்க லயத்து ஆளுகதான் வரும், கேட்டோ? நல்ல ஆளுக. ஒரு சல்லியமும் இல்ல, தொந்தரவே இல்ல."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் அப்பா தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றை அறையில் வாழ்ந்து, களை வெட்டியே செத்தவர். அந்த லயத்திலிருந்து டீமேக்கர் நாற்காலிக்குப் போன முதல் ஆள் நான். 'அமிர்தநாதன் நாக்கு' என்றால் கொச்சித் தேயிலை ஏலத்திலும் தெரியும். எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே சொத்து அது.

"டீ நான் போடுறேன்," என்று எழுந்தேன்.

"சீனத்து டீயா? அதுல மல்லிப்பூ வாசம்ல அடிக்கும்! உங்கப்பா டப்பாவை ஆணியில மாட்டிருவாரு," என்றாள் அன்னமேரி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்றபோது கிடைத்த, மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை எடுத்தேன். டப்பாவைத் திறந்தால் சிறு சிறு உருண்டைகள். மணம் கூடத்தை நிறைத்தது. ஆனால் ஒரு பூவிதழ்கூட இல்லை.

"பூ எங்க?"

"எடுத்துருவாங்க அங்கிள். ராத்திரி பூவையும் இலையையும் ஒண்ணா போட்டு வச்சு, காலையில பூவை மட்டும் எடுத்துருவாங்க. அப்படியே நாலஞ்சு ராத்திரி. வாசம் மட்டும் இலையில நிக்கும்." பிறகு தயங்கிச் சொன்னான்: "தண்ணி கொதிக்க வேண்டாம் அங்கிள். இறக்கி வச்சு, கொஞ்சம் ஆறின பொறகு ரெண்டு நிமிஷம் போதும். இல்லன்னா கசக்கும்."

"கொதிதண்ணியைத் தாங்காத இலை என்ன இலை?"

ஃபேக்டரியில் செய்வது போலவே செய்தேன். தளதளவென்று கொதிக்கும் நீர், ஆறு நிமிடம். இலையின் குற்றத்தை வெளியே கொண்டுவரும் வழி அது. கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, விருந்தாளிகளுக்கு எதிரிலேயே கிண்ணத்தில் துப்பினேன். தொழில் பழக்கம் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். நான் தெரிந்துதான் துப்பினேன்.

"கசப்பு. மட்டமான இலை. நல்ல சரக்குக்கு வாசனை எதுக்கு? உள்ள ஒண்ணுமில்லன்னாத்தான் மேல பூசுவாங்க. ஆறு வருசம் சீனாவுல இருந்தாலும் அப்படித்தான்."

ஜின்சன் தலையைக் குனிந்தான். அவன் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "வா மோனே," என்றார். அவ்வளவுதான். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

அஞ்சு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "குடிக்கிறதுக்குன்னு ஒரு நாளாச்சும் டீ போட்டிருக்கீங்களாப்பா? குத்தம் பாக்குறதுக்கு மட்டுந்தான போட்டீங்க."

என் சம்மதமில்லாமல் ஜனவரியில் ஆனைக்கரை சர்ச்சில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. அன்னமேரி போனாள். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "ஏங்க, இந்த வாசல்லயும் ஆணி அடிச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

அன்று வீட்டில் யாரும் இல்லாதபோது டப்பாவை எடுத்தேன். என் தீர்ப்பு சரியென்று உறுதி செய்துகொள்ளத்தான். அவன் சொன்னபடியே நீரை ஆறவைத்து, கண்ணாடி டம்ளரில் ஏழெட்டு உருண்டைகளைப் போட்டேன். அவை மெல்ல விரிந்தன. ஒவ்வொன்றும் முழுக் கொழுந்து, நுனி உடையாமல். எங்கள் ஃபேக்டரியில் அப்படி ஓர் இலையை நான் பார்த்ததில்லை. உறிஞ்சினேன். குற்றம் தேடினேன். பக்கத்தில் துப்பும் கிண்ணம் இல்லை. விழுங்கினேன்.

மறுநாளும் போட்டேன். அதற்கு அடுத்த நாளும். அன்னமேரி காலைப் பூசைக்குப் போகும் நேரமாகப் பார்த்து.

ஏப்ரலில் ஒரு காலை, அன்னமேரி வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. அஞ்சு. அம்மா எடுப்பாள் என்று நினைத்திருப்பாள்.

"அப்பா... அவரு பரீட்சை பாஸாயிட்டாரு."

"ம்."

"அன்னைக்குக் கொண்டாந்த டீ இருக்காப்பா? இருந்தா ஞாயித்துக்கெழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அவரு ஒழுங்கா ஒருக்கா போட்டுத் தரணுங்காரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். குடிச்சா மட்டும் போதும்."

டப்பாவின் அடியில் கிடந்த கடைசி உருண்டைகள் என் எதிரே டம்ளரில் விரிந்துகொண்டிருந்தன. இருந்ததைக் குடித்துத் தீர்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டீ எதற்கு, சும்மா வாருங்கள் என்றும் சொல்லியிருக்கலாம்.

"அதை அன்னைக்கே கொட்டியாச்சு," என்றேன்.

"சரிப்பா," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. டீ கசந்துபோயிருந்தது. முழுவதையும் குடித்தேன்.